எர்த் குழிக்கு முன்னால் பூக் கேட்டது

வீட்டுக்குப் பின்னால் ஒரு ரூம் எடுத்துக் கட்டலாமா என்று எங்கள் மாரியம்மனிடம் பூக் கேட்டோம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் பொட்டலம் மடித்து அம்மன் காலடியில் போடுவோம். எதில் எது இருக்கிறது என்று தெரியாத ஒருவரை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். எங்கள் பக்கத்தில் நல்ல காரியம் எதற்கும் இதுதான் வழக்கம். அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே வெள்ளை வந்தது. அம்மன் உத்தரவு கொடுக்க ஒரு தேங்காய் உடைக்கிற நேரம்தான் ஆனது. அந்த ரூமுக்குக் கரண்ட் ஆபீஸ் உத்தரவு வாங்குவதற்குள் நாங்கள் பட்ட பாட்டைத்தான் எழுத உட்கார்ந்தேன். நான் எட்டாவது வரை படித்தவள். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தொண்ணூறுகளில் நடந்தது இது. பீளமேட்டில் ஒரு மில்லின் பின்பக்கத்துச் சந்தில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரருக்கு அதே மில்லில்தான் வேலை. பகல் ஷிப்ட், ராத்திரி ஷிப்ட் என்று மாறி மாறி வரும். ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, அவ்வளவுதான் வீடு. மகளைக் கொடுமுடியில் கட்டிக் கொடுத்திருந்தோம். அவளுக்குத் தலைப்பிரசவம். ஒன்பதாம் மாதம் விதவிதமாகச் சோறு கட்டிக்கொண்டு போய் விருந்து வைத்து, மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதைக் கட்டுச்சோறு என்போம். அதற்கு நாள் பார்க்கப் போனபோது சம்பந்தியம்மா பலகாரத் தட்டை நீட்டிக்கொண்டே சொன்னார்:

"உங்கூட்டுல காத்து உள்ள வாரதுக்கே எடமில்லீங்களே சம்பந்தி. இந்த வெயிலுக்குப் புள்ள பெத்தவ வெந்துபோயிருவா. ஃபேன் ஓடற தனி ரூம் ஒண்ணு இருந்தாச் சொல்லியனுப்புங்க, கூட்டீட்டுப் போங்க. இல்லாட்டி இங்கயே பாத்துக்கறோம். எங்குளுக்குக் காவேரிக் காத்தே இருக்குது."

கையில் எடுத்த முறுக்கைத் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டேன். தலைப்பிரசவத்தை மாமியார் வீட்டில் பார்த்தால் சந்தில் நாலு பேர் பேசுவார்கள், அது இருக்கட்டும். என் மகள் வலி எடுத்து 'அம்மா' என்று கூப்பிடும்போது நான் அந்த வீட்டுச் சமையல்கட்டில் விருந்தாளி மாதிரி நின்றுகொண்டிருக்க வேண்டுமா? பஸ்ஸில் வரும்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அடுத்த வாரமே பூக் கேட்டோம். மதுக்கரை சிமெண்டு வந்து இறங்கியது. மகளுக்கு எட்டு மாதம் முடிவதற்குள் ரூமும் எழும்பிவிட்டது.

ஒயரிங்கும் முடிந்தது. ஃபேனையும் மாட்டியாயிற்று. ஆனால் அது சுற்றவில்லை. புதிதாக ரூம் எடுத்து லைன் இழுத்தால் கரண்ட் ஆபீசுக்குச் சொல்ல வேண்டும், அவர்கள் வந்து சோதித்துச் சரி என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் மெயினோடு சேர்க்க வேண்டும் என்பது சட்டம். சந்தில் பாதிப் பேர் யாரிடமும் சொல்லாமல் சேர்த்துக்கொண்டவர்கள்தான். நாமும் சேர்த்துவிடலாமே என்று நானும் சொல்லிப் பார்த்தேன்.

"மில்லுல ஷாக்கடிச்சு உழுந்தவனைத் தூக்கீட்டுப் போனவன் நானு. என்ற புள்ள படுக்கற ரூம்ல அந்த வேலையெல்லாம் ஆகாது. ஆபீஸ்ல இருந்து வந்து பாக்கட்டும்" என்றார் என் வீட்டுக்காரர். மறுநாளே ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

இன்ஸ்பெக்டர் முதல் தடவை வந்தார். கனத்த உடம்பு, சன்னமான குரல். ஸ்விட்சு போர்டு, ஃப்யூஸ் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எர்த் எங்கீங்க?"

ஒயரிங் செய்த தம்பி தண்ணீர்க் குழாயைக் காட்டினார். குழாயின் கழுத்தில் ஒரு கம்பி சுற்றியிருந்தது.

"இது எர்த்துங்களா? குழாய்க்குத் தாலி கட்டுனாப்பல இருக்குது. ஆகாதுங்க. குழி எடுத்துப் போட்டாத்தான் நான் எழுதுவேன்."

எனக்கு விளங்கவில்லை என்று என் முகத்தைப் பார்த்தே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நல்ல மனிதர், நின்று பொறுமையாகச் சொன்னார். "கரண்ட் சில சமயம் வழி தவறி ஃபேனுக்கோ இஸ்திரிப் பொட்டிக்கோ வந்துருமுங்கம்மா. அதை மனுசன் தொட்டாப் போச்சு. அப்படி வழி தவறி வாரதைப் புடிச்சுப் பூமாதேவிகிட்ட ஒப்படைக்கறதுதான் எர்த்து. குழி எடுத்து, கொழாய் நட்டு, சுத்தியும் கரியும் உப்புமாக் கொட்டுங்க. தெனமும் தண்ணி ஊத்துங்க. ஈரங் காஞ்சா அவ கேக்க மாட்டா."

அவ கேக்க மாட்டா என்றுதான் சொன்னார். இது என் காதில் நன்றாக விழுந்தது.

பின்பக்கம் வேப்பமரத்து நிழலில்தான் ஈரம் நிற்கும் என்று அங்கேயே குழி எடுத்தார்கள். இஸ்திரிக்காரரிடம் கரி வாங்கி வந்தோம். மூட்டையாகக் கல்லுப்பு வந்தது. நடுவில் இரும்புக் குழாயை நிறுத்தி, ஒரு அடுக்கு கரி, ஒரு அடுக்கு உப்பு என்று அந்தத் தம்பி கொட்டிக்கொண்டிருந்தார். அப்போது பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

"ஏனம்மணி! உப்பையும் கரியையும் மண்ணுல பொதைக்கறீங்க? ஆருக்குச் செஞ்சு வைக்கறீங்க?"

"செய்வினையெல்லாம் இல்லீங்க்கா. கரண்ட் ஆபீஸ்ல சொன்னாங்க."

"ஆரு சொன்னா என்ன? உப்பு மகாலச்சுமி. அவளைக் குழியில போட்டு, மேல கரியைக் கொட்டி மூடுவாங்களா? அதும் வாயும் வயிறுமா ஒருத்தி வந்து படுக்கப்போற ஊட்டுல!"

அக்கா தலையை இழுத்துக்கொண்டார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லையே. உப்பைக் கீழே சிந்தினாலே கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் நாங்கள். குழியை மூடி, சுற்றிலும் செங்கல் கட்டி, குழாய் மட்டும் முழ உயரத்துக்கு வெளியே தெரியும்படி விட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் குளித்து முடித்து, ஈரத்துணியோடு ஒரு குடம் தண்ணீரைக் குழாயில் ஊற்றினேன். ஊற்றுகிறபோதே மனம் கேட்கவில்லை. உள்ளே போய் மஞ்சளும் குங்குமமும் எடுத்து வந்து குழாய்க்கு வைத்தேன். 'மண்ணுக்குள்ள இருக்கற மகாலச்சுமி, கோவிச்சுக்காதே. என்ற புள்ளைக்காகத்தான்' என்று கும்பிட்டேன். மனம் லேசாயிற்று. வேண்டியது அவ்வளவுதான். நான் அதைச் சாமி என்று யாரிடமும் சொன்னதில்லை.

ஆனால் வேப்பமரத்தடியில், மஞ்சள் குங்குமத்தோடு, ஈரம் சொட்டச் சொட்ட ஒன்று நின்றால் பார்க்கிறவர்களுக்குச் சொல்ல வேறு என்ன இருக்கிறது?

முதலில் வந்தவர் அதே பக்கத்து வீட்டு அக்காதான். செய்வினை என்றவர், மஞ்சளைப் பார்த்ததும் ஒரு எலுமிச்சம்பழத்தோடு வந்தார். "நல்ல காரியம் பண்ணிப்போட்ட அம்மணி, இப்பத்தான் முகத்துல களை வந்துருக்குது" என்றார். யார் முகத்தில் என்று நான் கேட்கவில்லை. எதிர் வீட்டுக் குழாயில் நெடுநாளாகத் தண்ணீர் வரவில்லை. அந்த வாரம் அந்த வீட்டுப் பெண் எங்கிருந்தோ ஒரு குடம் சுமந்து வந்து, எங்கள் எர்த் குழாயில் ஊற்றி, தண்ணீர் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். மறுநாள் காலையில் சிறுவாணித் தண்ணீர் பீறிட்டு வந்தது. அவ்வளவுதான். வெள்ளிக்கிழமையானால் எங்கள் பின்வாசலில் குடத்தோடு வரிசை நின்றது. யாரோ மஞ்சள் துணி கட்டினார்கள். யாரோ கற்பூரத் தட்டு கொண்டுவந்து வைத்துவிட்டே போனார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்த வீட்டுக்காரர், சொம்பும் துண்டுமாகக் கக்கூசுக்குப் போக வழியில்லாமல் நின்றார்.

"ஏனுங்க, சித்த வழி உடுங்க. நானும் வரிசைலதான் நிக்கோணுமா?"

"செருப்பைக் கழட்டிப்போட்டு வாங்க மாமா" என்றாள் எதிர் வீட்டுப் பெண்.

அவர் கழற்றிவிட்டுப் போனார். திரும்பி வந்து என்னிடம் மெதுவாக, "என்ற ஊட்டுக் கக்கூசுக்கு நானே வெறுங்காலோட போக வேண்டியதாப் போச்சு. உன்ற கரண்டாத்தா எனக்கு ஒரு வரம் குடுத்தாத் தேவலை" என்றார். சிரித்தேன், அப்புறம் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மிச்சக் கூலிக்கு வந்த ஒயரிங் தம்பி பார்த்ததும் திகைத்துப் போனார்.

"அக்கா, இது சாமி இல்லீங்க. எர்த்து."

"தெரியுமுங்க தம்பி."

"அப்பறம் எதுக்குங்க கற்பூரம்?"

"தெனமும் தண்ணி ஊத்தச் சொன்னாங்க, ஊத்தறோம். அதுக்கு மேல பண்றதுல உங்களுக்கு என்ன எடைஞ்சல்?"

எடைஞ்சல் ஒன்றும் அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. போகிறபோது அவரும் ஒரு தடவை தொட்டுக் கும்பிட்டுக்கொண்டார்.

கட்டுச்சோறு ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாகியிருந்தது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் இன்ஸ்பெக்டர் இரண்டாம் தடவை வந்தார், ஒரு கறுப்புப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு. பின்வாசலில் பூஜை நடந்துகொண்டிருந்தது. கூட்டத்தைப் பார்த்து யாராவது இறந்துவிட்டார்களோ என்று பயந்துவிட்டாராம். பிறகு சொன்னார்.

"எர்த் எங்கீங்கம்மா?" என்றார், போன தடவை மாதிரியே.

மஞ்சள் துணிக்கும் மாலைக்கும் நடுவே குழாயின் நுனி தெரிந்த இடத்தை நான் காட்டினேன். அவர் மாலையையும் கற்பூரத் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெட்டியிலிருந்து ஒரு ஒயரை எடுத்தார். அதன் முனையில் முதலை வாய் மாதிரி ஒரு கிளிப்பு. "அந்தத் துணியைச் சித்த வெலக்குங்க. இதைக் குழாயில மாட்டி, பொட்டியோட கைப்பிடியைச் சுத்திப் பாக்கோணும். மண்ணு கரண்டை வாங்குதா இல்லையான்னு இந்த முள்ளு சொல்லும்."

பக்கத்து வீட்டு அக்கா குறுக்கே வந்து நின்றார். "தோல் பெல்ட்டைக் கழட்டுங்க."

கழற்றினார்.

"காலைல என்ன சாப்புட்டீங்க?"

அந்த மனிதர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இட்லி என்றால் யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்? "வர்ற வழியில டீக்கடையில ஒரே ஒரு முட்டை போண்டாங்க" என்றார்.

கூட்டம் முழுக்க ஒரு அடி பின்னால் போயிற்று. "கவிச்சி தின்னவரு தொடப்படாதுங்க" என்றார் அக்கா. "போயிட்டு இன்னொரு நாளைக்கு வாங்க. இல்லாட்டித் தொடாமயே எழுதிக் குடுங்க. சாமியப் போயி டெஸ்ட் பண்ணுவாங்களா?"

"தொடாம எப்படீங்க எழுதறது? நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஒண்ணுன்னா எனக்குச் சோறு எறங்குமா? இன்னைக்கி உட்டா நான் அடுத்த வாரந்தான் இந்தப் பக்கம் வருவேன்."

அடுத்த வாரம்! கொடுமுடியில் சம்பந்தியம்மா காவேரிக் காற்றில் உட்கார்ந்து, 'ரூம் ரெடியாகல போல' என்று சொல்வது என் காதில் கேட்டது. அக்காவை நகர்த்திவிட்டு அந்தக் கிளிப்பைப் பிடுங்கி நானே மாட்டிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் அந்தக் குழாய்க்கு முதல் மஞ்சள் வைத்தவளே நான்தானே? நானே மதிக்காவிட்டால் எப்படி?

"பூக் கேட்டுப் பாத்தரலாம்" என்றேன்.

நந்தியாவட்டையும் செவ்வரளியும் இரண்டு பொட்டலங்களாக மடித்துக் குழாய்க்கு முன்னால் போட்டோம். யார் எடுப்பது? எங்கள் எல்லோருக்கும் எதில் எது என்று தெரியும். அந்த நேரம் பார்த்து, ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்த என் வீட்டுக்காரர் வாய் கொப்பளிக்க வந்தார். இவர்தான் சரியான ஆள் என்று பிடித்து உட்கார வைத்தோம். அவர் என்ன ஏது என்று கேட்காமல், கொட்டாவி விட்டுக்கொண்டே ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பிரித்தால் செவ்வரளி.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். "என்னைய ஏன் பாக்கறீங்க? நான் வாயக் கொப்பளிக்க வந்தவன்" என்றார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் பெட்டியை மூடவில்லை. குனிந்து அந்தச் சிவப்புப் பூவைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்கம்மா, என்ன கேட்டுப் பூப் போட்டீங்க?"

"நீங்க தொடலாமான்னுங்க."

"அப்ப ஆத்தா சொன்னது சரிதானுங்க. முட்டை போண்டா தின்னவன் தொடப்படாதுதான். நீங்க தொட்டு மாட்டலாமான்னு கேளுங்க. நான் தள்ளி நின்னு சுத்திக்கறேன்."

பக்கத்து வீட்டு அக்காவே குனிந்து செவ்வரளியை எடுத்து ஓரமாக வைத்தார். "பொட்டலத்தை மாத்தி மடிச்சு நீங்களே எடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர் அவரிடம். இந்தத் தடவை என் வீட்டுக்காரர் சமையல்கட்டுக்குள் போய் மடித்துக்கொண்டு வந்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, உதடு முணுமுணுக்க எடுத்தார். வெள்ளை. அவர் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது போலத்தான் இருந்தது. ஆனாலும் முதலில் குலவை போட்டவர் அவர்தான்.

நான் ஓடிப்போய்த் தலையோடு ஒரு குடம் ஊற்றிக்கொண்டு, சேலை சொட்டச் சொட்ட வந்து நின்றேன். இன்ஸ்பெக்டர் அலறினார்.

"ஐயோ, ஈரத்தோட கரண்ட் சோலிக்கு வரப்படாதுங்க! தொவட்டீட்டு வாங்க!"

"ஈரத்துணியோடதான் தொடோணும்" என்றார் அக்கா.

"ஈரக்கையி கரண்டுக்கு ஆகாதுங்க்கா!"

"வறண்ட கையி ஆத்தாளுக்கு ஆகாதுங்க!"

சேலைத் தண்ணீர் காலடியில் ஓட, நான் நடுவில் நின்றேன். இருவரும் என்னைத் தாண்டித் தாண்டிப் பேசிக்கொண்டார்கள். கடைசியில் இன்ஸ்பெக்டர், "மணை இருக்குதுங்களா? மரத்து மணை?" என்று கேட்டார். சடங்குக்கு உட்கார வைக்கிற மணைப்பலகை உள்ளே இருந்தது, எடுத்து வந்தோம். "மெயினை அமத்தியாச்சு. காஞ்ச பலகை மேல நின்னா அப்பறம் பயமில்லீங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "மணையில ஏறி நின்னு பண்றதுதான் மொறை" என்றார் அக்கா. இரண்டு பேருக்கும் ஒரே பலகை ஒத்துப்போயிற்று. நான் மணையில் ஏறி, மஞ்சள் துணியை விலக்கி, 'மகளை எங்கிட்டக் கொண்டாந்து சேத்திரு' என்று சொல்லிக்கொண்டே அந்த முதலைக் கிளிப்பை மாட்டினேன்.

"கையை எடுங்க. தள்ளி வாங்க." அவர் இன்னும் இரண்டு கம்பிகளைத் தள்ளித் தள்ளி மண்ணில் அடித்து ஒயர்களை மாட்டிவிட்டு, பெட்டியின் கைப்பிடியைச் சுற்றினார். கறகறவென்று சத்தம் வந்தது. கூட்டத்தில் ஒருத்தி கற்பூரம் கொளுத்தினாள். முள் ஆடி நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி சுற்றினார்.

"என்னங்க?" என்றேன்.

"எங்க ஆபீசுக்கே இப்படியொரு எர்த் இல்லீங்கம்மா. தெருவே சேந்து தண்ணி ஊத்துனா அப்பறம் என்ன?" பையிலிருந்து காகிதத்தை எடுத்து மணைமேல் வைத்தே எழுதிக் கையெழுத்துப் போட்டார். "கற்பூரத்தை மட்டும் சித்தத் தள்ளி வைங்க. ஒயர் உருகிப்போயிரும்."

சாயங்காலம் அந்தத் தம்பி வந்து லைனைச் சேர்த்தார். ஃபேன் சுற்றியது. நான் அதன் கீழே வெறும் தரையில் படுத்துப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மகளை அழைத்து வந்தோம். கூடவே சம்பந்தியம்மாவும் வந்தார். ரூமுக்குள் போய் ஃபேன் ரெகுலேட்டரை ஐந்தில் வைத்து, அண்ணாந்து பார்த்து, ஒன்றில் வைத்து, மறுபடி ஐந்தில் வைத்தார். குறை ஒன்றும் சொல்லவில்லை. கைகழுவப் பின்பக்கம் போனவரைத் திரும்பி வரக் காணோம். போய்ப் பார்த்தால் செருப்பைக் கழற்றிவிட்டு வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்.

"இது என்ன சாமிங்க சம்பந்தி?"

"எர்த்துங்க. கரண்ட் ஆபீஸ்ல வைக்கச் சொன்னாங்க."

"காவலுக்கு இப்படியொண்ணு இருக்கறதை முன்னயே சொல்லியிருக்கலாமுங்களே" என்று சொல்லி, அவரே ஒரு குடம் மொண்டு ஊற்றினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். இன்ஸ்பெக்டர். பின்னால் அவர் சம்சாரம், கையில் பித்தளைக் குடம். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார், பெல்ட்டைக் கழற்றினார்.

"மறுபடியும் சோதிக்கோணுங்களா?" என்றேன்.

"இல்லீங்கம்மா, ஆபீஸ் சோலியா வல்லீங்க. இவ ஒருக்காப் பாக்கோணும்னா." பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி, பக்கத்து வீட்டு அக்கா நிற்கிறாரா என்று பார்த்துச் சொன்னார். "காலைல இட்லிதானுங்க."

ரூமுக்குள்ளிருந்து என் மகள் சிரித்த சிரிப்பு பின்வாசல் வரைக்கும் கேட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறாள். வலி எடுத்துவிட்டதோ என்று பயந்துபோய் உள்ளே ஓடினேன். போர்வையைக் கழுத்து வரை இழுத்து மூடிப் படுத்திருந்தாள்.

"ஒண்ணுமில்லீங்கம்மா. அந்த ஃபேனைக் கொஞ்சம் கொறைச்சு வைங்க, குளுருது" என்றாள்.

குறைத்து வைத்துவிட்டு, வந்தவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுக்கப் போனேன்.